இடம் ஒதுக்காத தட்டு

பொட்டு மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. கல்லின் சரிநடுவில், கீழே சந்தனம், மேலே குங்குமம், பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி. பொட்டைச் சுற்றி ஒன்றுமில்லை. காலையில் அங்கே மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு படிவு இருந்தது, அதிரசத்தில் ஒட்டிய எள் மாதிரி குட்டிக் குட்டிப் படிகங்களாக. இப்போது குளித்துத் தலை துவட்டிய வெறும் சாம்பல் கல். டப்பாவைத் திறந்து பார்த்தவள் உடனே மூடிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நான் செய்த காரியம்தான் எனக்கே ஆகவில்லை. சத்தம் போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, டப்பாவைக் கொண்டுபோய்ப் பூஜை வரிசையில் மைக்ராஸ்கோப்புக்கும் தராசுக்கும் நடுவே எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, ஓரமாக வந்து நின்றுகொண்டேன். கை கட்டிக்கொண்டு, பக்தியாக. இந்தக் காலேஜில் ஜியாலஜி துறை மியூசியம் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஒரு கல்லை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால்கூட பிள்ளைகளை வறுத்தெடுத்துவிடுவேன், தவமணி மேடம் வருகிறாள் என்றால் பையன்கள் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள். அந்தத் தவமணிதான். அர்த்தநாரி சார் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். துறைத்தலைவர், ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்குத் தீப்பெட்டியை மறப்பவர். கிடைக்காமல் போகட்டும். கரண்ட் போகட்டும். பிரின்சிபாலுக்கு ஏதாவது மீட்டிங் வந்து தொலையட்டும். பூஜை முடிந்ததும் அவருக்கு இந்தக் கல்லைத்தான் காட்டப் போகிறார்கள்.

ஜெனிஷா வாசலில் நிற்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டாள், உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை, பொரிக்கடலைக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள். என்னிடம் பிஎச்.டி. செய்கிற பெண். மார்த்தாண்டம் பக்கம், கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை. காலையில் நான் துடைத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "எனக்க கல்லுக்கும் ஒரு பொட்டு வைங்க மேடம், அது மட்டும் என்ன பாவம் செஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது டப்பா மூடிக்கு. எந்த மடையனுக்கும் தெரியும் அது மூடிக்கு என்று. ஆனால் 'நீதானே பொட்டு வைக்கச் சொன்னே' என்று ஒரு வாக்கியம் எனக்குள் தயாராகிவிட்டது. டப்பாவைத் திறந்து பார்த்த அந்த நொடியே தயாராகிவிட்டது, மூடுவதற்கு முன்பே. மனசுக்குள் எந்த மூலையில் இதெல்லாம் உட்கார்ந்திருக்கும் என்று தெரியவில்லை, வேண்டும் என்கிறபோது சூடாக எடுத்துக் கொடுக்கிறது. அவள் அந்தக் கல்லுக்காக வடக்கே மூடிப்போன ஒரு சுரங்கத்தில் இறங்கினாள். அனுமதி வாங்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. உள்ளே சுவர் கசிகிற இடத்தில் புற ஊதாக் கைவிளக்கைக் காட்டியபோது சுவர் பச்சையாக எரிந்தது என்று வந்து சொன்னாள், சொல்லும்போது முழங்கை மயிர் சிலிர்த்திருந்ததைக் காட்டினாள். பாறைக்குள் கசிகிற தண்ணீர் யுரேனியத்தையும் கார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு சுவருக்கு வரும், தண்ணீர் காற்றோடு போகும், இது தங்கும். அவ்வளவுதான் இதன் பிறப்பு. நகத்தால் கீறினால் கீறிக்கொள்ளும். அமிலத்துளி பட்டால் நுரைக்கும். காற்று வறண்டால் உள்ளே வைத்திருக்கும் தண்ணீரை விட்டுவிட்டு மங்கிப் பொடியாகும், அதனால் டப்பாவுக்குள் மூடி வைக்க வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் பட்டாலோ கரைந்தே போகும். உள்ளே தண்ணீர் இல்லாமலும் ஆகாது, வெளியே தண்ணீர் பட்டாலும் ஆகாது. வருஷா வருஷம் இதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுப்பேன்.

தீப்பெட்டி கிடைத்துவிட்டது. யாரோ ஒரு பையனின் பாக்கெட்டிலிருந்து, அவன் பாக்கெட்டில் ஏன் தீப்பெட்டி என்று இன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஊதுபத்தி வாசனை வருகிறது. நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன், மூடினால் அந்த இடம் ஒதுக்காத தட்டுதான் தெரிகிறது. எனக்கும் ஜெனிஷாவுக்கும் சண்டையே இடத்தைப் பற்றித்தான் வந்தது. என் மியூசியத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. சல்ஃபைடு ஓர் அலமாரி, ஆக்சைடு ஓர் அலமாரி, சிலிக்கேட்டு சுவர் முழுக்க. கார்பனேட் அலமாரியில் மேல்தட்டு பூராவும் எங்கள் சேலத்து மேக்னசைட், வெள்ளை வெளேரென்று. கீழ்த்தட்டு மூலையில் யுரேனைல் கார்பனேட்டுக்கு என்று ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். அதில் ஒரே ஒரு டப்பா, லீபிஜைட், எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்தது. இந்தக் குடும்பத்தில் நடுவில் ஒரு யுரேனைல், அதைச் சுற்றி அடுப்புக்கல் மாதிரி மூன்று கார்பனேட், இதுவரைக்கும் எல்லாருக்கும் ஒன்றேதான். கூட வந்து உட்காருவது கால்சியமா, சோடியமா, மெக்னீசியமா, எவ்வளவு தண்ணீர், அதை வைத்துத்தான் பெயர் பிரியும். ஜெனிஷா கல்லைக் கொண்டுவந்த அன்றைக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு "லீபிஜைட்" என்றேன். இல்லை மேடம் என்று அவள் சொல்லவில்லை. எக்ஸ்ரே போட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கோடுகள் லீபிஜைட்டோடு ஒத்துப்போகவில்லை. எதனோடும் ஒத்துப்போகவில்லை. கால்சியம் இருக்க வேண்டிய இடத்தில் கால்சியம் பேருக்குத்தான் இருந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும், "பொடியை ஒழுங்கா அரைக்கல, மறுபடி போடு" என்றேன். மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கோடுகள். "அப்ப இப்போதைக்கு லீபிஜைட் பக்கத்துல வச்சிரட்டா மேடம்" என்று கேட்டாள், பாவம், எனக்கு ஒரு படி இறங்கி வருவதற்கு வழி விட்டுத்தான் கேட்டாள். "நிரூபிக்காத பொருளுக்கு என் அலமாரியில இடம் கிடையாது" என்று சொல்லி, டப்பாவை இடம் ஒதுக்காத தட்டில் வைத்தேன். அந்தத் தட்டில் என்னவெல்லாம் இருக்கும் தெரியுமா? வைரம் என்று நினைத்து ஊர்க்காரர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்கல். கிணறு வெட்டும்போது கிடைத்தது. கோழி வயிற்றில் கிடைத்தது. அவற்றோடு அதுவும் கிடந்தது.

வெளியே இப்படி. உள்ளே ஒரு தடவை, வீட்டுக் குளியலறையில், சோப்பு போட்டுக்கொண்டே, தவமணைட் என்று சொல்லிப் பார்த்தேன். புதுக் கனிமத்துக்குக் கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைக்க முடியாது, வேறு யார் பெயரையாவது வைக்கலாம், வழிகாட்டியின் பெயரை வைக்கிற வழக்கம் உண்டு. தவமணைட். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அதற்கப்புறம் நானே வெட்கப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் அவளிடம் போய் "இன்னும் ஒரு தடவை எக்ஸ்ரே போடு" என்று சொன்னதும் நான்தான். என்ன பிறவி இது. வேண்டும், ஆனால் அவள் கொடுத்து எனக்கு வேண்டாம். புதுசு என்று ஒத்துக்கொண்டால் முதல் பார்வையில் நான் சொன்னது தப்பாகிவிடும். பெயர் மட்டும் வேண்டும். அர்த்தநாரி சார் மணியடிக்கிறார், கூடவே தொண்டையைச் செருமிக்கொள்கிறார், இனி அவர் ஏதாவது பாடுவார். போன வாரம் பெங்களூரில் ஒரு லேப் சம்மதித்திருக்கிறது, விடுமுறை முடிந்ததும் உடையாத ஒரு படிகத்தை எடுத்துக்கொண்டு ஜெனிஷா போக வேண்டும், அதன் உள் அமைப்பை அவர்கள் அளந்து கொடுத்தால் புதுக் கனிமம்தான் என்று எந்தச் சபையிலும் நிற்கலாம். பொடியை வைத்து அது முடியாது. படிகம் வேண்டும். படிகம் அந்த ஒரு கல்லில்தான் இருந்தது. சுரங்கத்தின் வாயைப் போன மாசம் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். இனி அவள் எங்கே போவாள். அந்தப் பச்சைச் சுவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

எப்படி நடந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் தறி இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாளே அம்மா தறியைத் துடைத்துவிடுவாள், துடைக்காத பொருளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பாள். தூசிமேல் வைத்த பொட்டு தூசிக்குத்தானே போகும். அதையேதான் நான் இங்கேயும் கொண்டுவந்தேன். இந்தத் துறையில் மற்றவர்கள் பேருக்கு நாலு மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பொரிக்கு வந்துவிடுவார்கள், நான் மட்டும்தான் ஒவ்வொரு கல்லையும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பவள். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட. ஆரம்பிப்பதற்கு முன்னால் தண்ணீர் ஆகாதவற்றையெல்லாம் எடுத்துத் தனித்தட்டில் வைத்துவிடுவேன். இந்துப்பு, போராக்ஸ், கார்பனேட் அலமாரி மூலையிலிருக்கிற அந்த லீபிஜைட் டப்பா. இன்றைக்கும் எடுத்து வைத்தேன். லீபிஜைட் அங்கே பத்திரமாக இருக்கிறது, மூடி மேல் பொட்டோடு. ஜெனிஷாவின் கல்லை ஏன் எடுத்து வைக்கவில்லை? அது அந்த மூலையில் இல்லையே. அது இடம் ஒதுக்காத தட்டில் அல்லவா இருந்தது. இடம் ஒதுக்காத தட்டு என்றால் கோழி வயிற்றுக் கல், நன்றாக அழுத்தித் துடைக்கலாம். கை அலமாரி அலமாரியாகத்தான் யோசிக்கும், இத்தனை வருஷமாக அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். பொய்யாகவாவது அதை லீபிஜைட் பக்கத்தில் வைத்திருந்தால் இன்றைக்குப் பிழைத்திருக்கும். அவள் கேட்டாளே, இப்போதைக்கு வச்சிரட்டா மேடம் என்று. வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூடியைத் திறந்தேன், எடுத்தேன், துடைத்தேன், வைத்தேன், பொட்டு வைத்தேன், அடுத்தது. கை தானாகச் செய்தது. நான் பொரிக்கு எவ்வளவு வெல்லம் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கை தானாகத்தான் செய்தது.

ஆனால் துணி மஞ்சளாகியது. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து இடறுகிறது. தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தால் விட மாட்டேன் என்கிறது. துணி மஞ்சளாகியது, நான் பார்த்தேன். ஆயுத பூஜையன்று எதுதான் மஞ்சளாகாது, மஞ்சள் கிண்ணம் பக்கத்தில் இருந்தது, சந்தனம் இருந்தது, என் விரல் பூராவும் மஞ்சள். மஞ்சள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேனா? ஏனென்றால் துணியைப் பார்த்தபிறகும் ஒரு தடவை துடைத்திருக்கிறேன். ஒரே ஒரு இழுப்பு. இடமிருந்து வலமாக, விளிம்பு வரைக்கும், சுத்தமாக. அந்த இழுப்புக்கு முன்னால் கை ஒரு கணம் நின்றதா? நின்றது மாதிரி இருக்கிறது. நின்றிருந்தால் எதற்கு நின்றது, நின்ற கை எதற்கு மறுபடி போயிற்று. வெல்லத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவள் எதற்கு நிற்கப் போகிறாள். முதல் இழுப்பெல்லாம் மறதி, ஒத்துக்கொள்கிறேன், வயசாகிறது, கவனம் சிதறுகிறது, யாருக்கும் நடக்கும். கடைசி இழுப்பு யாருடையது? அந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டால் நான் நல்லவள். கழிக்க முடியவில்லை. அர்த்தநாரி சார் பாடி முடித்துவிட்டார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், நானும் போட்டுக்கொண்டேன், கன்னத்தில் ஒட்டிய சந்தனம் ஜில்லென்று இருக்கிறது. ஐயோ, சந்தனம்.

சந்தனத்தை எந்தத் தண்ணீரில் குழைத்தேன்? துணி நனைத்தது வாளியில். குழைத்தது சொம்புத் தண்ணீரில். சொம்புத் தண்ணீரில்தான். துடைப்பதற்கு முன்னாலா, பின்னாலா? முதலில் குழைத்தது தீர்ந்துபோய், நடுவில் ஒரு தடவை குழைத்தேனே, அப்போது கை ஈரமாக இருந்ததே, வாளியில் அலம்பிய கை. அர்த்தநாரி சாரின் அகலமான நெற்றியில் பட்டையாகப் பூசியிருக்கிறது. முதலாமாண்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், நெற்றியில் என் சந்தனம். கல்லில் இருந்தது அரை ஸ்பூன்கூட இல்லை, அதில் ஒரு வாளித் தண்ணீர், அதில் விரல் நுனி ஈரம், கணக்குப் போட்டால் ஒன்றுமே இல்லை, இந்தக் கட்டடத்து கிரானைட் தரையே அதைவிட அதிகமாகக் கதிர் வீசும். தெரியும். தெரிந்தும் அந்தப் பெண்ணின் நெற்றியை என்னால் பார்க்க முடியவில்லை. கையுறை போடாமல் அந்தக் கல்லைத் தொட்டால் பையன்களை வெளியே அனுப்பிவிடுவேன். பொட்டு வைக்கும்போது மட்டும் எனக்கு அது கல்லாகவே தெரியவில்லை போல. பாவாயி வாளியை எடுத்துக்கொண்டு போகிறாள். கூட்டிப் பெருக்க காண்ட்ராக்டில் வருகிற பொம்பளை, காலையில் துணியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். வாளியில் துணி கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே செவ்வரளி மூட்டில் தண்ணீரைக் கொட்டுகிறாள், துணியைப் பிழிந்து உதறிச் சுவரில் காயப் போடுகிறாள். ஜெனிஷாவின் அத்தனை உழைப்பும் செவ்வரளிக்குப் போகிறது, நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஏங்க மேடம், முகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது, ஃபேனப் போடட்டுங்களா" என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறாள். "விளக்கு அணஞ்சிடும், வேண்டாம்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

துணியை எடுத்துக் காய்ச்சினால் மறுபடி படிகம் வருமே என்று ஒரு யோசனை ஓடுகிறது. வரும். ஒருவேளை அதேதான் வரும், அதே நிறம், அதே வடிவம், எக்ஸ்ரேயில் அதே கோடுகள்கூட விழலாம். ஆனால் அது கனிமம் ஆகாது. மனுஷர் கை படாமல் தானாக உண்டாக வேண்டும், அதுதான் முதல் விதி, முதலாமாண்டு முதல் வகுப்பில் சொல்வது. துணியிலிருந்து வருவது தவமணி செய்தது. தவமணைட். எந்த அலமாரியிலும் அதற்கு இடம் கிடையாது, நானே வைக்க மாட்டேன். பிரின்சிபால் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பண்டிகைச் சிரிப்பு. கற்பூரம் காட்டியாயிற்று. இனி வழக்கப்படி எல்லா மெஷினையும் ஒரு தடவை ஓட விட வேண்டும். மைக்ராஸ்கோப் விளக்குகள் எரிகின்றன. பாறை அறுக்கிற மெஷினில் வருஷா வருஷம் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுப்பார்கள், பூசணிக்காய்க்குப் பதிலாக. வைரப்பல் சக்கரம் கத்திக்கொண்டு சுற்றுகிறது, பழம் இரண்டாகி சாறு தெறிக்கிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அடுத்து உலை. அடுத்து தராசு. ஒவ்வொன்றாக என்னை நோக்கி வருகிறது. தலைவலி என்று வீட்டுக்குப் போய்விடலாம். போனால்? டப்பா இங்கேதான் இருக்கும், தண்ணீர் வைத்த பாவாயியும் இங்கேதான் இருப்பாள். "ஜெனிஷா, உன் கல்ல எடுத்துட்டு வாம்மா, சார் பார்க்கட்டும்" என்கிறார் அர்த்தநாரி சார். அவள் டப்பாவை இரண்டு கையாலும் எடுக்கிறாள். மூலையில் கறுப்புத் திரைக்குள் புற ஊதா விளக்கு. அவள் மூடியைத் திறப்பது இருட்டுக்குள்தான், திறக்கும்போது கூட அவள் பிரின்சிபாலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவர் வியக்கப் போவதைப் பார்ப்பதற்காக. சொல்லிவிடு தவமணி. இப்போது. இப்போது. விளக்கு எரிந்தது.

பிரின்சிபாலின் வேட்டி நீலமாக ஒளிர்கிறது, சோப்புத்தூளின் வேலை. கல் இருட்டாகக் கிடக்கிறது. விளிம்பில் எங்கேயோ ஓரிரண்டு பச்சைப் புள்ளி, அதுவும் கண்ணைச் சுருக்கினால்தான். நடுவில் பொட்டு கறுப்பாக. ஜெனிஷா குனிந்தாள். இன்னும் குனிந்தாள். "விளக்கு பியூஸ் போயிருக்குமோ" என்கிறார் அர்த்தநாரி சார், அவர் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி, வெட்கம்கெட்ட நிம்மதி, ஆமாம் விளக்கு, விளக்குதான். யாரோ ஒரு பையன் விளக்கைச் சோதிக்கப் பக்கத்தில் வைத்திருக்கிற கல்லை எடுத்து நீட்டினான். அது சிவப்பாகக் கனன்றது. விளக்கு நன்றாகத்தான் இருக்கிறது. "தண்ணி பட்டிருக்கு" என்றாள் ஜெனிஷா, யாரிடமும் இல்லாமல். அர்த்தநாரி சார் திரைக்கு வெளியே தலையை நீட்டி, "பாவாயி, காலையில தண்ணி வச்சது நீதானே, கல்ல தொடச்சியா" என்றார். "தண்ணி மட்டுந்தானுங்க சார் கொண்டாந்து வச்சேன், கல்ல நான் தொட மாட்டனுங்க, மேடம் திட்டுவாங்க" என்று அவள் குரல் வந்தது. "இவங்க சொல்றதையெல்லாம் நம்ப முடியாது, காண்ட்ராக்ட்காரன்கிட்ட சொல்லி மொதல்ல ஆளை மாத்துங்க" என்கிறார் பிரின்சிபால். "பாவாயி அக்கா தொட்டிருக்க மாட்டாங்க சார்" என்றாள் ஜெனிஷா. என் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டியதே இல்லை. இந்தத் துறையில் கல்லுக்குப் பொட்டு வைப்பது யார் என்று இந்த இருட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் பாவாயியைக் கேட்கிறார்கள். என்னைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, அந்த அளவுக்கு இந்த இடத்தை நான் பயமுறுத்தி வைத்திருக்கிறேன். நான் பேசாமல் நின்றால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கையை விளக்குக்குக் கீழே வைத்தேன். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை. நான்தான் நீட்டினேன். நக இடுக்கெல்லாம் பச்சை, கட்டைவிரலில் ரேகை ரேகையாகப் பச்சை. வாளியில் அலம்பியும் போகாதது. அர்த்தநாரி சார், நல்ல மனுஷர், "மஞ்சளா இருக்கும் மேடம், மஞ்சள்கூட இதுல மினுங்கும்ல" என்றார். தப்பிக்கக் கதவு திறந்தே கிடந்தது, தலையாட்டினால் போதும். "மஞ்சள் இப்படி எரியாது சார். இது அந்தக் கல்லுதான். நான்தான் தொடச்சேன். பாவாயி தொடவே இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், எல்லாரும் மறதி என்றுதான் நினைத்திருப்பார்கள், பாவம் வயசாயிடுச்சு என்று. "துணி மஞ்சளானத பார்த்தேன், ஜெனிஷா. பார்த்தப்புறமும் ஒரு தடவை தொடச்சேன்." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தள்ளிவிடப் போகிறாள் என்று நினைத்தேன், கையை அப்படியே விளக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டு, குனிந்தாள். அவள் மூச்சு என் உள்ளங்கையில் பட்டது. "இந்தப் பச்சைதான்" என்றாள். "சுவத்துல இப்பிடித்தான் இருந்துச்சு." பிரின்சிபால் எதுவோ முனகினார், அர்த்தநாரி சார் திரையை விலக்கப் போனார். "லைட்டப் போடாதீங்க சார்" என்றாள் ஜெனிஷா, என் கையை விடாமல். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடுறேன்."